அறிகனவு: ‘லூசிட் டிரீம்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தூங்கிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவுதான்’ என்று தெரிந்துகொண்டு காணும் கனவுக்கு ஆங்கிலத்தில் ‘லூசிட் டிரீம்’ என்று பெயர். தமிழில் தெளிகனவு, நனவுக்கனவு, விழிப்புக்கனவு என்று ஆளுக்கொரு சொல் போடலாம். எது பொருந்தும் என்று முடிவு செய்ய அகராதி மட்டும் போதாது, கண்டவர்களையும் கேட்க வேண்டும். ஆளுக்கு ஆள் இந்த அனுபவம் அவ்வளவு மாறுகிறது.

முதலில் வேர். லத்தீனில் ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’ வழியில் வந்தது ‘லூசிட்’. ஒளியுள்ளது, தெளிவானது என்று பொருள். புத்தி பேதலித்தவர் இடையில் கொஞ்ச நேரம் தன்னிலை உணர்ந்து பேசும் வேளையையும் மருத்துவர்கள் இந்த அடைமொழியால் குறித்தார்கள். நெதர்லாந்தின் மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரடெரிக் வான் ஈடன் 1913-ல் தன் கனவுகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரை ஆங்கிலத்தில் நிலைக்க வைத்தது. கனவுக்குள்ளேயே பகல் வாழ்க்கையும், தான் தூங்குகிறோம் என்பதும் நினைவில் இருப்பதையே அவர் அடையாளமாகச் சொன்னார். காட்சி பளிச்சென்று இருந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. இதைக் கவனிக்காமல் மொழிபெயர்த்ததால்தான் ‘தெளிவான கனவு’ என்ற குழப்பம் வந்தது. அப்படிச் சொன்னால் கேட்பவர் காட்சி நன்றாகத் தெரிந்த கனவு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இது வெறும் பேச்சல்ல என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று உண்டு. கனவு மிகுந்த உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்துவிடும், கண்கள் மட்டும் அசையும். 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இடமும் வலமுமாக, முன்பே பேசிவைத்தபடி அசைத்தார். ஆய்வாளர் கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் இதே வழியில் காட்டினார். 2016-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கண்டவர்கள் சுமார் 55 சதவீதம். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23 சதவீதம்தான்.

சரி, எங்கள் கொங்குப் பக்கம் என்ன சொல்கிறார்கள்? பல்லடத்தில் தறி ஓட்டும் என் சித்தப்பாவின் கனவில் தறி சத்தமில்லாமல் ஓடுமாம். “சத்தமில்லாம எங்க கண்ணு தறி ஓடும்? அப்பவே கனான்னு தெரிஞ்சு போயிரும்” என்பார். தெரிந்து என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார், நின்று பார்ப்பார். அறுந்த நூலைக்கூட முடிய வராதாம். கோவையில் படிக்கும் மாமன் மகள் நேர் எதிர். கொடிவேரித் தண்ணீரை மேல்நோக்கி விழச் செய்வாள், வேண்டிய பக்கம் பறப்பாள். பெருந்துறை அத்தைக்குக் கனவென்று தெரிந்த மறுநொடியே முழிப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் காட்சியே மங்கல், குரல்கள் மட்டும்தான். கனவுதான் என்று தெரிந்தும் துரத்தும் நாய்க்குப் பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. அறிவு வந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது?

அனுபவம் ஆளுக்கு ஆள் மாறுவதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வும் காட்டுகிறது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுக்கூடங்களில் இப்படிக் கனவு கண்டுகொண்டிருந்தவர்களிடம் ‘எட்டில் ஆறு போனால் எத்தனை’ என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டார்கள். சிலர் கண்ணசைவால் சரியாகவே பதில் சொன்னார்கள். பெரும்பாலான முறை பதிலே வரவில்லை. வெளியிலிருந்து வந்த கேள்வி ஒருவருக்குக் கனவுக்குள் கார் ரேடியோவில் கேட்டது, இன்னொருவருக்குச் சினிமாவின் பின்னணிக் குரல் போல.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘தெளிகனவு’க்கு ஒரு நியாயம் உண்டு. போதை தெளிந்தது, மயக்கம் தெளிந்தது என்கிறோமே, அந்தத் தெளிவு காட்சித் தெளிவு அல்ல. ஆனால் மயக்கம் தெளிந்தவர் மயக்கத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார். இங்கே கனவு தொடர்கிறது. ‘நனவுக்கனவு’ அழகான சொல். நனவையும் கனவையும் எதிரெதிரே வைத்து ‘கனவுநிலை உரைத்தல்’ என்று ஒரு அதிகாரமே குறளில் இருக்கிறது. ஆனால் இன்று ‘கனவு நனவானது’ என்ற வழக்கு ஊறிப்போனதால், பலித்த கனவு என்றே கேட்பவர் நினைப்பார். ‘விழிப்புக்கனவு’ என்றால் பகற்கனவோடு கலந்துவிடும். கனவை ஆட்டிவைப்பதைக் குறிக்கும் எந்தச் சொல்லும் என் சித்தப்பாவை வெளியே தள்ளிவிடும்.

மங்கலோ பளிச்சோ, ஆட்டிவைத்தாலும் வேடிக்கை பார்த்தாலும், இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது அறிதல் ஒன்றுதான். அதனால் என் ஓட்டு ‘அறிகனவு’க்கு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வாயிலும் எளிதாக வருகிறது.

விடியக்காலக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கையை இங்கே தொட வேண்டும். கொங்கு நாட்டு நிரம்பைக்காரர் என்று சொல்லப்படும் அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில் ‘கனாநூல்’ பாட்டு ஒன்றைக் காட்டுகிறார். முதல் சாமக் கனவு ஓராண்டில் பலிக்குமாம், கடைசிச் சாமக் கனவு பத்து நாளில். பலிப்பது இருக்கட்டும். கனவு மிகுந்த உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது என்பது உண்மை. அறிகனவுகளும் அந்த நேரத்தில்தான் அதிகம். இடையில் எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, மறுபடி படுத்தால் வாய்ப்பு கூடும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நான்கு மணிக்கு எழுந்து பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து மறுபடி கண்ணயர்கிறவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது.

அமுக்குவான் பேயை மட்டும் இந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம். நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருக்கும், கத்த வராது, கை கால் அசையாது. அதற்குத் ‘தூக்க முடக்கம்’ என்று சொல்லலாம். கனவுத் தூக்கத்தின் தசைத் தளர்ச்சி, விழிப்பு வந்த பிறகும் சிறிது நேரம் விலகாமல் நிற்பதுதான் காரணம். அறிகனவில் தூக்கம் இன்னும் கலையவில்லை. அமுக்குவானில் முழிப்பு வந்துவிட்டது, உடம்புக்குத்தான் இன்னும் வரவில்லை.