தரிப்புத் தடை: காலால் மிதிக்கும் ‘ஹேண்ட் பிரேக்’குக்கு ஒரு பெயர்

1969-ஆம் ஆண்டின் ஷெவர்லே சி-10 பிக்கப்பில், அதாவது பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ள வண்டியில், ஏறி உட்கார்ந்து ‘ஹேண்ட் பிரேக்’கைத் தேடினால் கைக்கு எதுவும் அகப்படாது. அது கால்மாட்டில் இருக்கிறது. கிளட்சுக்கும் இடப்பக்கம், கதவை ஒட்டி, சின்னதாக ஒரு மிதி. அழுத்தினால் கடகடவென்று பல் பல்லாக இறங்கி நின்றுகொள்ளும். விடுவிப்பதற்கு டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிடியை இழுக்க வேண்டும். போடுவது கால், எடுப்பது கை. இதைப் போய்க் ‘கைத்தடை’ என்று எப்படி எழுதுவது?

பழைய அமெரிக்க பிக்கப்புகளில் இந்த பிரேக்கை மாற்றுவதையும் இடம்பெயர்ப்பதையும் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதலில் வழிமறித்த கேள்வி இதுதான். ஆங்கிலத்திலும் இதற்கு ஒரே பெயர் இல்லை. ஹேண்ட் பிரேக், எமர்ஜென்சி பிரேக், பார்க்கிங் பிரேக் என்று மூன்று. மூன்றும் ஒரே உறுப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் முதலாவது அதை இயக்கும் உடலுறுப்பைச் சொல்கிறது, இரண்டாவது சமயத்தைச் சொல்கிறது, மூன்றாவது வேலையைச் சொல்கிறது.

‘பிரேக்’ என்ற சொல்லின் பிறப்பே சுவையானது. ஆளிச் செடியின் நாரை நசுக்கிப் பிரிக்கும் கருவிக்கு டச்சு மொழியில் இருந்த பெயர் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘உடைத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பழைய பிரெஞ்சில் ‘கை’ என்று பொருள்படும் சொல்லும், கைப்பிடி, நெம்புகோல் என்ற பொருளில், இதனுடன் கலந்தது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். சக்கரத்தை நிறுத்தும் கருவி என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது. அந்தக் கருத்துப்படி பார்த்தால், ‘பிரேக்’குக்குள்ளேயே ஒரு கை ஒளிந்திருக்கிறது. ‘பார்க்’ பிரெஞ்சு வழி வந்தது. அடைத்த வெளி, வேலியிட்ட இடம் என்று பொருள். பீரங்கி வண்டிகளை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்திவைக்கும் படைவழக்கிலிருந்துதான் வண்டி நிறுத்தும் பொருள் அதற்கு வந்தது.

சரி, ‘கை’ என்பது பெயரில் ஒட்டிக்கொண்டதற்கு நியாயம் இருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1925-இல் தொழிற்சாலையிலிருந்தே பிக்கப் பெட்டியுடன் விற்ற மாடல்-டி வண்டியில் ஓட்டுநரின் இடப்பக்கம் ஒரு நீண்ட நெம்புகோல் உண்டு. கால்மிதி கியர்பெட்டிக்குள் இருந்த பட்டையை இறுக்கும். கை நெம்புகோல் பின்சக்கரங்களோடு சுழலும் உருளைகளான டிரம்களைப் பிடிக்கும். அதை முழுதும் பின்னுக்கு இழுத்தால் கிளட்சும் விடுபடும். எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பிய காலம். நெம்புகோலைப் பின்னுக்கு இழுக்காமல் முன்னால் போய் நின்று சுழற்றினால், வண்டி கிளம்பி ஆளின் மேலேயே ஏறிவிடக்கூடும்.

இடம்பெயர்ப்பின் கதையும் அங்கிருந்தே தொடங்குகிறது. அடுத்து வந்த மாடல்-ஏ வண்டிகளின் முதல் தொகுதியில் நெம்புகோல் இடப்பக்கம்தான் இருந்தது. ஆனால் கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் தனித்தனி அமைப்பு இல்லை. ஒன்று பழுதானால் இன்னொன்று தனித்து இயங்க வேண்டும் என்று சில அமெரிக்க மாநிலங்களின் சட்டம் கேட்டது. அதனால் 1928-ஆம் ஆண்டின் நடுவிலேயே ஃபோர்டு வடிவமைப்பை மாற்றியது. பின்சக்கர டிரம்முக்குள் தனிப்பட்டை வந்தது, நெம்புகோலும் நடுவே கியர் தண்டின் பக்கம் நகர்ந்தது. இன்று ஆர்வலர்கள் பட்டறையில் செய்யும் வேலையை, சட்டத்துக்காக ஆலையே அன்று செய்திருக்கிறது.

‘எமர்ஜென்சி’ என்ற பெயரும் வெறும் அலங்காரமாக வரவில்லை. 1960-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிக்கப்புகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மிதி தரையோடு போய்விடும், நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். அப்போது எஞ்சியிருப்பது கேபிளால் இழுபடும் இந்தப் பின்பிரேக் மட்டுமே. 1967 வாக்கில் பிரேக் எண்ணெயை இரண்டு தனிச் சுற்றுகளில் தள்ளும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பரவலான பிறகு அந்த அவசரத் தேவை குறைந்தது. பெயர் மட்டும் வாய்வழக்கில் தங்கிவிட்டது. காலால் மிதிக்கும் வகையை ஓடும் வண்டியில் அவசரத்துக்குப் பயன்படுத்துவது லேசான காரியமும் இல்லை. விடுவிக்கும் பிடியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி மெல்ல மெல்ல மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் பூட்டிக்கொண்டு பின்சக்கரங்கள் இறுகி, வண்டி சறுக்கும். சுமை ஏற்றாத பிக்கப்பின் பின்பக்கம் இலேசானது. சறுக்கல் இன்னும் சீக்கிரம் வரும்.

எல்லா பிக்கப்பிலும் இது சக்கரத்தைப் பிடிப்பதும் இல்லை. டாட்ஜ் பவர் வேகன் போன்றவற்றில் டிரம் இருப்பது பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டில். இதில் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால், இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒருபக்கம் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும்.

இப்போது இடம்பெயர்ப்புக்கு வருவோம். பக்கெட் சீட்டும் நடுவில் கன்சோலும் வைக்கிறவர்கள், கால் மிதியை எடுத்துவிட்டுத் தரையில் கியர்பெட்டி மேட்டின்மேல் கை நெம்புகோல் பொருத்த விரும்புகிறார்கள். பின்னால் டிஸ்க் பிரேக் மாற்றும்போதும் பழைய கேபிள் பொருந்தாமல் போகிறது. பார்வைக்கு நாலு போல்ட் வேலைதான். சிக்கல் கணக்கில் இருக்கிறது. பிடியிலிருந்து சுழலும் அச்சுவரை 12 அங்குலம், கேபிள் மாட்டும் துளை அச்சிலிருந்து 2 அங்குலம் என்றால் விசை 6 மடங்காகும். கை 6 அங்குலம் நகர்ந்தால் கேபிள் நகர்வது ஒரே அங்குலம். அந்த ஓர் அங்குலத்தில் தொய்வையும் எடுத்து, டிரம்முக்குள் இருக்கும் ஷூ என்ற உராய்வுக் கட்டைகளை விரித்து, டிரம்மை இறுக்கவும் வேண்டும். கேபிளில் முக்கால் அங்குலம் தொய்வு இருந்தால் நெம்புகோல் கடைசிவரை வந்தும் வண்டி உருளும். கைக்கும் காலுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க அரசின் தரவிதியே ஒத்துக்கொள்கிறது. புதிய கார்களுக்கும் இலகு வாகனங்களுக்கும் உள்ள விதி எண் 135, 20 சதவீதச் சரிவில் வண்டி 5 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்கிறது. அதற்குக் கை தரும் விசை 400 நியூட்டனுக்குள், கால் தரும் விசை 500 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும். பழைய பிக்கப்பை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் மிதியை எடுத்துவிட்டு நெம்புகோல் வைக்கிறவர் இதே சோதனையைத் தம் வண்டிக்குச் செய்துபார்க்க வேண்டும் என்பேன். 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு, முகம் மேலே பார்த்து ஒருமுறை, கீழே பார்த்து ஒருமுறை. நீளமும் கவனிக்க வேண்டியது. 1967 முதல் 1972 வரையிலான சி-10-இன் குட்டைப் பெட்டி வண்டிக்குச் சக்கர இடைவெளி 115 அங்குலம், நீளப் பெட்டிக்கு 127. ஒன்றின் நடுக்கேபிளை இன்னொன்றுக்கு அப்படியே மாட்ட முடியாது.

பாருங்கள், நெம்புகோல் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்குப் போகிறது, மிதியாகிறது, மறுபடி நெம்புகோலாகிறது. டாட்சன் 620 பிக்கப்பில் டாஷ்போர்டுக்குக் கீழே குடைப்பிடிபோல இழுக்கும் தண்டாக இருக்கிறது. உறுப்பு எங்கே போனாலும் மாறாதது ஒன்றே: நின்ற வண்டியை நின்றபடியே வைத்திருப்பது. அந்த வேலையைச் சொல்லும் பெயர்தான் தமிழுக்கு வேண்டும்.

‘தடை’யில் எனக்குத் தயக்கமில்லை. ‘தடு’ என்ற வினையின் பிள்ளை அது. சாலையோரப் பலகையில் ‘வேகத்தடை’யைப் படித்துப் பழகிவிட்டோம். முன்சொல்லில்தான் சிக்கல். ‘நிறுத்தத் தடை’ என்றால் ஓடும் வண்டியை நிறுத்துவது என்று தோன்றும், அது கால் பிரேக்கின் வேலை. ‘அவசரத் தடை’ தினமும் போடும் ஒன்றுக்குப் பொருந்தவில்லை. இங்கே இலங்கை வழக்கு கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் ‘வாகன நிறுத்துமிடம்’ என்று எழுதுவதை அங்கே ‘வாகனத் தரிப்பிடம்’ என்கிறார்கள். தரித்தல் என்றால் அணிதல் மட்டுமில்லை, தாங்குதல், ஓரிடத்தில் நிலைத்து நிற்றல் என்றும் பொருள். நிற்பதும் தாங்குவதும் ஒரே வினையில் அமைந்திருக்கிறது, சரிவில் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் பிரேக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தரிப்புத் தடை. இயக்கும் விதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தரிப்புத் தடை மிதி, தரிப்புத் தடை நெம்புகோல் என்று பிரித்துக்கொள்ளலாம். கையால் இழுப்பதற்கு மட்டும் ‘கைத்தடை’ இருக்கட்டும். பேச்சில் ‘ஹேண்ட் பிரேக் போட்டியா?’ என்று கேட்பதை யாரும் மாற்ற வேண்டாம்.

எழுதும்போது ஓர் எழுத்தில் கவனம் வேண்டும். ‘தறிகெட்டு ஓடிய லாரி’ என்று செய்தித்தாளில் வருவது வல்லின றகரம். அந்தத் தறி, மாட்டையும் யானையையும் கட்டிவைக்கும் முளை. கட்டுத்தறியை விட்டு ஓடியதுதான் தறிகெட்டது. ‘தரிப்பு’க்கு இடையின ரகரம். வேர் வேறுதான், ஆனாலும் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போல் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், பழைய கேபிளைக் கழற்றியதிலிருந்து புதியதை இறுக்கிச் சோதிக்கும்வரை அந்த பிக்கப்புக்குத் தரிப்புத் தடையே கிடையாது. அதுவரை சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் மரத்துண்டுக்குப் புதுப்பெயர் தேட வேண்டாம். தேர்ச்சக்கரத்தின் அடியில் போடுகிறார்களே, அதே முட்டுக்கட்டைதான்.