சேனலோபதி என்றால் கால்வாய் நோயா?

பெரியம்மாவின் பேத்திக்கு 13 வயது. பள்ளி நீச்சல் குளத்தில் பாதி தூரம் போனவள் அப்படியே மயங்கிவிட்டாள். தூக்கிக் கரையில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டாள் என்றாலும், ஈசிஜி எடுத்து, மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பி, கடைசியில் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தமிழ்த் தகவல் தாளையும் கொடுத்தார்கள். அதில் முதல் வரியே "இது பரம்பரை அயனிக் கால்வாய் நோய்". அன்று ராத்திரி பெரியம்மாவிடமிருந்து போன்.

"ஏம்ப்பா, அவ குளிச்சது குளோரின் போட்ட தண்ணியிலதான. கால்வாய்ல எறங்கவே இல்லையே, அப்பறம் எப்படி கால்வாய் நோய் வந்துச்சு?"

சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. தாளை மொழிபெயர்த்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்தக் 'கால்வாயை' நானும் எத்தனையோ இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன், இந்தத் தடவை முடியவில்லை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். தாளில் 'கால்வாய் நோய்' ஆகியிருப்பது ஆங்கிலத்தின் சேனலோபதி, 1990களில் புழக்கத்துக்கு வந்த ஒட்டுச்சொல். சேனல் லத்தீன் வழி வந்தது, கனாலிஸ், அதற்கும் அடியில் நாணலைக் குறிக்கும் கன்னா. உள்ளே துளை உள்ள நாணல், குழாய், அப்புறம் நீர் ஓடும் வழி என்று பொருள் விரிந்திருக்கிறது. 'பதி' கிரேக்கம், பாதோஸ், அதாவது துன்பம், நோய். நம் காதுக்கு இந்தப் 'பதி' வைத்தியத்தின் பெயர்: அலோபதி, ஹோமியோபதி, நேச்சுரோபதி. அதனால் சேனலோபதி என்று அப்படியே தமிழில் எழுதினால் டிவி பார்த்துக் குணமாகும் ஏதோ புது வைத்திய முறை என்று நினைப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஒரு காணொளியின் தமிழ் வசன வரியில் 'இதய அலைவரிசை நோய்' என்றே வந்தது, அதை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசையை விடுங்கள், அது அறியாமை. கால்வாய் அப்படி இல்லை. யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள், தூய தமிழ், அகராதி கொடுக்கும் நேர்ச்சொல், பார்க்கவும் கௌரவமாக இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து, யாரும் சந்தேகப்படுவதில்லை.

கால்வாய் என்றால் என்ன? நீளமாக வெட்டிய வழி. நீர் ஓர் இடத்தில் புறப்பட்டு மைல் கணக்கில் ஓடி இன்னோர் இடம் சேரும். அது திறந்தே கிடக்கும், தானாகத் திறப்பதோ மூடுவதோ கால்வாயின் வேலை இல்லை. சென்னைக்காரருக்கு கால்வாய் என்றால் பக்கிங்ஹாம் கால்வாய்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம். இனி இதயத்துக்கு வருவோம். இதயத் தசைச் செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. அதன் கனம் ஏழெட்டு நானோமீட்டர். அந்தக் கனத்துக்குள் ஒரு புரதம் குத்திட்டு நிற்கிறது, நடுவில் துளை. செல்லின் மின்னழுத்தம் மாறினால் துளை திறக்கும், சோடியமோ பொட்டாசியமோ கால்சியமோ மின்னேற்றமுள்ள துகள்களாக, அதாவது அயனிகளாக, நொடிக்குக் கோடிக்கணக்கில் பாயும், உடனே துளை மூடிக்கொள்ளும். எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் 1976இல் இப்படி ஒரே ஒரு துளையின் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள் (1991இல் நோபல் பரிசு வந்தது இதற்குத்தான்). அந்த வரைகோட்டைப் பார்த்தால் நெளிந்து ஓடும் ஆறு மாதிரி இருக்காது. படிக்கட்டு மாதிரி இருக்கும்: சட்டென்று ஒரு படி ஏறும், சட்டென்று இறங்கும். திறப்பு, அடைப்பு, திறப்பு, அடைப்பு.

இதற்குத் தமிழில் பேர் இல்லையா? ஏரிக்கரையில் நிற்பவனைக் கேளுங்கள். மதகு. கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வயல், நடுவில் கரையின் அகலத்துக்கு ஒரு துளை, அதற்கு ஒரு பலகை. இப்போது பலகை போய் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது, சக்கரத்தைத் திருகித் தூக்குகிறார்கள், ஆனாலும் மதகு மதகுதான். சேனல் என்றால் அயனி மதகு, சேனலோபதி என்றால் மதகுக் கோளாறு. என் கட்சி இதுதான்.

மடை ஏன் கூடாது என்று ஒரு நண்பர் கேட்டார். மடையும் நல்ல பழைய சொல்தான். ஆனால் வயல் வரப்பில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் அது மடை, இரண்டு வெட்டு மண்ணைத் தள்ளினால் மூடிவிடும். அங்கே நிலையாக ஒரு கதவு கிடையாது. 'வாயில்' என்பதை இன்னொருவர் சொன்னார், மோசமில்லை, ஆனால் வாசலில் ஆள் வருவான் போவான், பாய்ச்சல் தெரியவில்லை. எப்போதும் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும் சேனல்களும் செல்லில் உண்டே, அவை எப்படி மதகாகும் என்று மடக்கப் பார்த்தார்கள். பலகை சரியாக உட்காராத மதகை நீங்கள் பார்த்ததே இல்லையா?

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சொல்லழகு இல்லை. இந்த நோய்களில் பல, திறப்பதிலும் மூடுவதிலும் வரும் பிழைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் சோடியம் உள்ளே பாய்ந்து செல்லைத் தூண்டும், பொட்டாசியம் வெளியே போய் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இதயத்தின் கீழறைகள் தூண்டப்பட்டு மறுபடி தயாராக ஆகும் நேரத்தைத்தான் ஈசிஜியில் க்யூடி என்று அளக்கிறார்கள். அது இழுத்துக்கொண்டே போனால் நீள் க்யூடி நோய், ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு. கேசிஎன்கியூ1 என்ற மரபணுவில் பிழை என்றால் ஒரு பொட்டாசிய மதகு போதுமான அளவு திறப்பதில்லை. ஓடும்போதும் நீந்தும்போதும்தான் அதன் வேலை அதிகம், பெரியம்மா பேத்திக்கு நடந்தது அது. கேசிஎன்எச்2 வேறொரு பொட்டாசிய மதகு. அது கெட்டவர்களுக்கு அலாரம் திடீரென்று அலறினாலே ஆபத்து. எஸ்சிஎன்5ஏ சோடிய மதகு. அது முழுசாக மூடாமல் ஒழுகினால் நீள் க்யூடியின் மூன்றாம் வகை, பெரும்பாலும் தூக்கத்தில் தாக்கும். அதே மதகு சரியாகத் திறக்காவிட்டால் ப்ருகாடா நோய், 1992இல் ப்ருகாடா சகோதரர்கள் எட்டு நோயாளிகளை வைத்து விவரித்தது. ஒரே மரபணு, மூடாவிட்டால் ஒரு நோய், திறக்காவிட்டால் இன்னொன்று. இதைக் 'கால்வாயை' வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், கால்வாய் திறக்கவில்லை என்று சொன்னாலே வாக்கியம் நொண்டுகிறது. அந்த மரபணுப் பெயர்களில் வரும் 'சிஎன்' கூட சேனலைத்தான் குறிக்கிறது.

அப்புறம் இந்த 'பரம்பரை'. தாளின் இரண்டாம் பக்கத்தில் அதுவே 'பிறவி நோய்' ஆகிவிட்டது. பிறவி இதய நோய் என்றால் நம் ஊரில் இதயத்தில் ஓட்டை என்று அர்த்தம். இங்கே இதயத்தின் அமைப்பில் ஒரு குறையும் இல்லை, எக்கோவில் பார்த்தால் தங்கம் மாதிரி இருக்கும். பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெரும்பாலான குடும்பங்களில் கணக்கு இதுதான். ஆகவே பரம்பரை என்பதே சரி, ஒரே தாளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் தப்பு. மரபணுவில் நேரும் மாற்றமான மியூட்டேஷனுக்கு வந்தால் இங்கே சடுதி மாற்றம், இலங்கைப் பாடநூல்களில் விகாரம். மூன்று தலைமுறையாக வீட்டில் இருக்கும் பிழையை இன்னும் 'சடுதி' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது, 'விகாரம்' என்று ஒரு 13 வயதுப் பெண்ணிடம் சொல்லவும் மனசு வராது. பிழை என்றே எழுதிவிடலாம்.

இந்த வரிசையில் பெரிய குற்றவாளி மாரடைப்பு. இருபது வயதுப் பையன் விளையாட்டு மைதானத்தில் சுருண்டு விழுந்து செத்தால், பிரேதப் பரிசோதனை முடிவதற்குள் செய்தியில் 'மாரடைப்பு' வந்துவிடும். மாரடைப்பு ரத்தக்குழாய் அடைப்பு. மதகுக் கோளாறில் ஒன்றும் அடைபடுவதில்லை, துடிப்பின் தாளம் குலைந்து இதயம் வெறுமனே நடுங்கி நின்றுவிடுகிறது. பிரேதத்தைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மாரடைப்பு என்று எழுதி மூடிவிட்டால் அவன் தம்பி தங்கைக்கு யாரும் ஈசிஜி எடுக்கப் போவதில்லை. தாய்லாந்தில் இப்படி ராத்திரியில் சாகும் ஆண்களின் சாவுக்கு லாய் தாய் என்று பெயர், தூக்கத்தில் சாவு. பிலிப்பைன்ஸில் பங்குங்கோட், தூக்கத்தில் முனகி எழுதல். ப்ருகாடா நோயோடு தொடர்புள்ள சாவுகள் இவை. காரணம் தெரியாத காலத்தில் கண்ணால் கண்டதை மட்டும் சொன்ன பெயர்கள், பொய்யாக ஒரு காரணத்தை ஒட்டவில்லை.

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன். கால்வாயை விட்டுவிட்டு மதகு என்று சொன்னேன். எங்கள் ஊர் ஏரி மதகு ஒன்று பாதிக்கு மேல் ஏறாது, எத்தனை முறை திருகினாலும், அவருக்குத் தெரியும். "ஓ, அந்த மாதிரியா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மாத்திரை போட்டா மதகு சரியாயிடுமா?"

இல்லை பெரியம்மா, மாத்திரை மதகைத் தொடாது என்றேன். ஓடினாலோ பயந்தாலோ உடம்பில் ஒரு வேகம் வருகிறதே, அதை இதயத்தில் குறைக்கிற பீட்டா பிளாக்கர் அது.

"அப்ப வெள்ளம் வராம பாத்துக்குறதுன்னு சொல்லு."

ஆமாம் என்றேன். தாளை எழுதியவருக்கு இந்த வாக்கியம் தோன்றவில்லை. பேத்தியின் தம்பிக்கும், பெற்றோருக்கும் ஈசிஜி எடுக்கச் சொன்னேன், பையனுக்குத்தான் நீச்சலே தெரியாதே என்று மருமகள் தட்டிக்கழிக்கிறாளாம். அடுத்த வாரம் மறுபடி போன் போட வேண்டும்.