பேட்டரி கழன்ற அரை நொடியில்

ஓடும் காரில் பேட்டரி கிளாம்பைக் கழற்றி, வண்டி அணையவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வண்டி ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த அரை நொடியில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுகள் படும் பாடு வெளியே தெரியாது.

இறங்கிப்போன பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏராளமான மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. அது திடீரென்று விலகினால் அவ்வளவு மின்னோட்டத்துக்கும் போக்கிடம் இல்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உடனே ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் சுருளில் தேங்கிய காந்தப்புலம் சட்டென்று அடங்காது. அது அடங்கும்வரை மின்னழுத்தம் எகிறி நிற்கும். இதற்கு லோட் டம்ப் என்று பெயர். 12 வோல்ட் வண்டிகளின் எலெக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஓ 16750-2 என்ற சர்வதேசத் தரநிலையின் சோதனையில் இந்த எழுச்சி 79 முதல் 101 வோல்ட் வரை. நீடிப்பது 40 முதல் 400 மில்லிநொடி.

இதைத் தடுக்கத்தான் போர்டின் நுழைவாயிலில், பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, டிவிஎஸ் டயோடு என்ற, எகிறும் மின்னழுத்தத்தை மடக்கும் பாகத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள். சாதாரண நேரத்தில் அது இருப்பதே தெரியாது. மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும், சிலிக்கான் சந்திப்பில் ஓடும் எலெக்ட்ரான்கள் அணுக்களை மோதிப் புது எலெக்ட்ரான்களை விடுவிக்கின்றன. அவை இன்னும் சிலவற்றை. பனிச்சரிவு போல மின்னோட்டம் பெருகி, டயோடு வழியாகக் கிரவுண்டுக்குப் போய்விடுகிறது. எழுச்சி தணிந்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும்.

எந்த வோல்ட்டில் திறக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். இன்னொரு வண்டியின் 24 வோல்ட் பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்தால் டயோடு சும்மா இருக்க வேண்டும். இல்லையென்றால் நிமிடக்கணக்கில் சூடேறிக் கருகிவிடும். மறுபக்கம், பின்னால் இருக்கும் சிப்புகள் பல 40 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இந்தச் சின்ன இடைவெளிக்குள் பொருந்துவது எஸ்எம்8எஸ்24ஏ போன்ற டயோடு. 24 வோல்ட் வரை அது அசையாது. உச்ச மின்னோட்டத்திலும் 38.9 வோல்ட்டுக்கு மேல் விடாது.

ஒரு கணக்குப் போடுவோம். எழுச்சி 101 வோல்ட், மூலத்தின் (ஆல்டர்னேட்டரின்) உள்தடை 2 ஓம் என்று வையுங்கள். டயோடு 39 வோல்ட்டில் பிடித்தால் மீதி 62 வோல்ட் அந்தத் தடையில் விழும். ஆக 31 ஆம்பியர். டயோடுக்குள் சுமார் 1,200 வாட்! கட்டைவிரல் நகம் அளவுள்ள பொருள் அந்தச் சூட்டை விழுங்கியாக வேண்டும். விரலிலிருந்து தெறிக்கும் நிலைமின் பொறி நானோநொடிகளில் முடிந்துவிடும்; இது அதைவிடப் பல லட்சம் மடங்கு நீளமானது. அதனால்தான் அடியில் அகலமான உலோகத் தகடு. சூடு அதன் வழியே போர்டின் செம்புக்கு இறங்குகிறது.

தாங்க முடியாமல் போனால் டயோடு பெரும்பாலும் ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போகும், போர்டு பிழைக்கும். அப்புறம் புது ஃபியூஸும் உடனே போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். டயோடை மாற்றிவிட்டு, பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, கிளாம்ப் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.