இரண்டாவதாக வந்தவனுக்கு மைனஸ்

கானாடுகாத்தானில் இருக்கும் தங்கை மகன் போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு தான் ஓட்டிய சிம் ரேசிங் பந்தயத்தின் முடிவை வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "அம்மான், நான் ரெண்டாவது, எனக்கு மைனஸ். மூணாவதா வந்தவனுக்கு ப்ளஸ். இது பக்கா?" (கோளாறைத்தான் பக் என்கிறான், பக்கா என்று படித்துவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் படித்தேன்.)

கோளாறு இல்லை. சொல்லப்போனால், இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அதுதான்.

சிம் ரேசிங் என்றால் வீட்டில் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்துக்கொண்டு, கணினிக்குள் இருக்கும் பந்தயத் தடத்தில் உலகம் முழுக்க உள்ள ஆட்களோடு கார் ஓட்டுவது. இவன் ஓட்டுவது 2008-இல் வந்த ஐரேசிங். ஃபார்முலா ஒன்காரர்களே 2017 முதல் சொந்தமாக ஒரு இ-ஸ்போர்ட்ஸ் தொடர் நடத்துகிறார்கள், அங்கே நிஜப் பந்தயத்தைப் போலவே முதல் இடத்துக்கு 25, அடுத்து 18, 15 என்று பத்தாவது ஆளுக்கு 1 வரை புள்ளி. "வீடியோ கேம்தானே" என்கிறவர்கள் ஒரு தடவை அந்த பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்க்காது, எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்றுதான் அளக்கும். உள்ளே ஒரு உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாற, அதைப் படித்து காருக்குள் பிரேக் விழும். எடை மெஷினில் இருக்கிற அதே லோடு செல். இவன் இதையெல்லாம் வளவில், அத்தங்குடிக் கல் பதித்த தரையில் போட்டிருக்கிறான். ஓங்கி மிதித்தால் நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போய்த் தூணில் இடிக்கும். இப்போது அடியில் இரண்டு சாக்கு விரித்து, பின்னால் ஆட்டுக்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறான்.

சரி, தகுதிச்சுற்று. பெரும்பாலும் தடத்தில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். ஓரிரண்டு சுற்று, அதில் சிறந்த நேரம் எதுவோ அதை வைத்து யார் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும். தடத்தின் எல்லையைத் தாண்டிப் போனால் அந்தச் சுற்று செல்லாது. நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக வரும். எப்படி வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கணினிக்குக் காலம் ஆறு மாதிரி ஓடுவதில்லை, படிக்கட்டு மாதிரி தாவித் தாவித்தான் போகும். நொடிக்கு 360 தடவை கணக்குப் போட்டால்கூட, மணிக்கு 250 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் 19 சென்டிமீட்டர் தாவிவிடும். கோட்டைத் தொட்ட அந்தக் கணம் எந்தப் படியிலும் இருக்காது. ஆகவே கோட்டுக்கு முன்னால் எவ்வளவு, தாண்டி எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்தில் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு.

பந்தயம் தொடங்குவதற்கு முன்பே இன்னொரு வடிகட்டல் உண்டு. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட விடுகிறார்கள் அல்லவா, அதே மாதிரி நூறு பேர் பெயர் கொடுத்தால் அவரவர் ரேட்டிங்கை (திறமைக்குப் போடும் எண், மருமகனின் மைனஸ் இதில்தான்) வரிசைப்படுத்தி, மேலே இருக்கிறவர்களை ஒரு பந்தயத்திலும் அடுத்தவர்களை அடுத்த பந்தயத்திலும் போடுவார்கள். இது தவிர லைசென்ஸ் படிகள் உண்டு: ரூக்கி, டி, சி, பி, ஏ, அதற்கும் மேலே ப்ரோ. ரூக்கி என்பவன் அந்தக் காலத்து வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் மாதிரி, அடுத்தாளாகவும் மேலாளாகவும் ஆவதற்கு நாளாகும். இதில் ஏறுவதற்கு வேகம் தேவையில்லை, எத்தனை வளைவுக்கு ஒரு தப்பு செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தடத்தை விட்டு வெளியே போனால் 1, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரில் பலமாக மோதினால் 4. யார் இடித்தது என்ற விசாரணையே கிடையாது, இரண்டு பேருக்கும் 4. நம் ஊரில் எப்போதும் பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு, இங்கே அந்த வசதி இல்லை.

இப்போது மருமகனின் மைனஸுக்கு வருவோம். ரேட்டிங் என்கிற அந்த எண்ணின் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஆர்பாட் ஈலோ என்று ஹங்கேரியில் பிறந்த ஒரு அமெரிக்க இயற்பியல் பேராசிரியர், அவரே நல்ல சதுரங்க ஆட்டக்காரர். அவர் போட்ட கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் எடுத்துக்கொண்டன. ஆனந்தும் குகேஷும் பேப்பரில் வரும்போது பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற எண் அதுதான். அதன் உயிர்நாடி இது: நீ ஜெயித்தாயா என்று கேட்காதே, உன்னிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செய்தாயா என்று கேள். ரேட்டிங்கில் 400 புள்ளி மேலே இருப்பவரிடம் ஒரு ஆட்டத்துக்கு 0.91 எதிர்பார்க்கலாம். 800 மேலே என்றால் 0.99. சமமானவர்கள் என்றால் 0.5.

ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பேர், பந்தயத்தில் இருபது பேர், என்ன செய்வது? ஒரு பந்தயத்தைப் பல குட்டிச் சதுரங்க ஆட்டங்களாகப் பிரித்துவிடுகிறார்கள்! உனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரையும் நீ ஜெயித்துவிட்டாய், முன்னால் போன ஒவ்வொருவரிடமும் தோற்றாய். இருபது கார் என்றால் 190 ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்து முடிந்ததாகக் கணக்கு.

நாலு காரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். (ஐரேசிங் உள்ளே வைத்திருக்கும் மாறிலிகள் வேறு, தர்க்கம் இதேதான்.) மருமகன் 2400. அடுத்த இரண்டு பேரும் 2000. நாலாவது ஆள் 1600, புதுசு. மருமகனிடம் எதிர்பார்ப்பது 0.91, 0.91, 0.99, கூட்டினால் 2.81 வெற்றி. 2000 ஆட்களிடம் ஆளுக்கு 1.5. புதுப் பையனிடம் வெறும் 0.19, அதாவது "கடைசியில் வந்தாலும் பரவாயில்லை தம்பி" என்று அர்த்தம். பந்தயம் முடிகிறது. 2000-இல் ஒருவன் முதல், மருமகன் இரண்டாவது, புதுப் பையன் மூன்றாவது, இன்னொரு 2000 கடைசி. மருமகன் இரண்டு பேரை ஜெயித்தான், எதிர்பார்த்தது 2.81, ஆக 0.81 குறைவு. பையன் ஒருவனை ஜெயித்தான், எதிர்பார்த்தது 0.19, ஆக 0.81 அதிகம். இதை 50-ஆல் பெருக்குங்கள்: முதல் ஆளுக்கு ப்ளஸ் 75, மருமகனுக்கு மைனஸ் 40, பையனுக்கு ப்ளஸ் 40, கடைசி ஆளுக்கு மைனஸ் 75.

வரவு 115, பற்று 115. ஐந்தொகை சமன்! எங்கள் ஐயா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் கார் எது, கணினி எது என்று எதுவும் கேட்டிருக்க மாட்டார், பேரேட்டை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பார். யாரும் காற்றிலிருந்து புள்ளி உண்டாக்க முடியாது, ஒருவன் கணக்கில் ஏறுகிறது என்றால் இன்னொருவன் கணக்கில் இறங்கியே ஆக வேண்டும். அன்றைக்கு ராத்திரி இவன் பந்தயத்தில் மொத்தமே எட்டுப் பேர், இவனைத் தவிர எல்லோரும் இவனைவிட வெகுவாகக் கீழே. அங்கே முதலில் வந்தால்தான் கொஞ்சம் மிஞ்சும்.

தொடரின் சாம்பியன்ஷிப் புள்ளி தனிக் கணக்கு, அதில் மைனஸ் வராது, எதிராளிகள் எவ்வளவு பலமோ அவ்வளவு கூடும். பலம் குறைந்த பந்தயத்தில் முதலில் வருவதைவிட பலமான பந்தயத்தில் ஆறாவதாக வருவது லாபமாக இருக்கலாம். ஒரு சீசன் பன்னிரண்டு வாரம், மோசமான சில வாரங்களைக் கழித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் விளக்கிவிட்டு வந்தால் தங்கை வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம், அந்த நேரத்தில் பந்தயத்தில் உட்காராதே என்று. ஸ்டியரிங் அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு இருக்கிறது. நான் சொன்னேன், அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஓடுகிற பந்தயத்திலும் ஐந்தொகை பூஜ்யம்தான், யாரோ ஒருவன் ப்ளஸ் வாங்கித்தானே ஆக வேண்டும், ராகு அவனை மட்டும் எப்படி விட்டார்? "அவன் பிரேசில்காரன், அவனுக்கு அது காலை" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

காமர்ஸ் படிக்கிற பையன் இவன். பள்ளியில் வேண்டாம் என்று ஒதுக்கிய மின்தடையும் நிகழ்தகவும் இப்போது ஒரே மாலையில் ஏறுகிறது. 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கரும் அழகப்பச் செட்டியார் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, 1953-இல் திறந்தார்கள். அதே ஊரில் இன்று கும்பாபிஷேகத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள், பள்ளி ஆய்வகத்துக்கு லோடு செல் வாங்க ஒருவரும் வந்ததில்லை. வந்தால் கொடுப்பேன்.

கணக்கில் ஒரே ஒரு குறை, அது நடுவில் இணைப்பு துண்டிக்கப்பட்டவனிடம் காரணம் கேட்காது. 2023 ஜனவரியில் வர்ச்சுவல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் இணைப்பே அறுந்தது. அவர் அப்போது நிஜ ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். கானாடுகாத்தானில் கரண்ட் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

நேற்று மறுபடி ஸ்கிரீன்ஷாட். இருபது காரில் ஐந்தாவது, ப்ளஸ் 31. அடுத்த வரி: "அம்மான், நல்ல இன்வெர்ட்டர் என்ன விலை?"