சஸ்டெயினபிள் என்றால் 'நிலையான' என்று எழுதலாமா?

'சஸ்டெயினபிள் மெட்டீரியல்' என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'நிலையான பொருள்' என்றோ 'நீடித்த நிலைத்தன்மை கொண்ட பொருள்' என்றோ எழுதிவிடுகிறோம். வளர்ச்சி, பொருளாதாரம் என்று பேசும்போது இது ஓரளவு ஓடிவிடும். வேதியியல் வந்துவிட்டால் ஓடாது. அங்கே நிலையானது என்றால் எளிதில் சிதையாதது, எதோடும் வினைபுரியாதது என்றுதான் பள்ளியில் படித்த யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இன்று உலகம் கவலைப்படுவதே அப்படிச் சிதையாமல் கிடக்கிற பொருட்களைப் பார்த்துத்தான்.

சொல்லின் வேர் லத்தீன். 'சஸ்டினேரே' என்றால் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் இன்று நாம் புழங்கும் கருத்து ஜெர்மனியின் சாக்சனி சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே ஃபிரைபெர்கில் சுரங்கத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். வெள்ளித் தாதுவை உருக்கக் கரி வேண்டும், சுரங்கம் இடிந்து விழாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும், சுற்றியிருந்த காடோ வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. 1713இல் அவர் வெளியிட்ட காடு வளர்ப்பு நூலில் 'நாஹால்டென்ட்' என்ற சொல்லை இதற்காகவே பயன்படுத்தினார்: காடு எவ்வளவு வளர்கிறதோ அதற்குள்தான் வெட்ட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கும் மிஞ்ச வேண்டும். இதே எண்ணத்தைத்தான் 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் வளர்ச்சிக்குப் பொருத்தி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆக, பிறந்த இடத்திலேயே இந்தச் சொல் கேட்டது வளம் குறைகிறதா இல்லையா என்பதைத்தான். ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது அதன் கேள்வியே இல்லை.

இப்போது டெஃப்லானை எடுத்துக்கொள்ளுங்கள். 1938 ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வாயு அடைத்து வைத்த உருளையைத் திறந்தால் வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுப்பான வெள்ளைப் பொடி. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு கரிம வேதியியலில் இருப்பதிலேயே மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று, அதனால் அந்தப் பொடியை அமிலமும் ஒன்றும் செய்யவில்லை, சூடும் லேசில் அசைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு இதைவிட உயர்ந்த பொருள் ஏது? நான்ஸ்டிக் தவாவின் பூச்சு அதுதான். பிரச்சினை பெரிதாக வெடித்தது அந்தப் பூச்சால் அல்ல, அதைத் தயாரிக்கத் துணைப்பொருளாகச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ என்ற வேதிப்பொருளால். அதுவும் அதே கார்பன்-ஃபுளோரின் குடும்பம்தான். மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த டூபாண்ட் ஆலையிலிருந்து சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது, மக்கள் ரத்தத்தில் சேர்ந்தது, உடம்பிலிருந்து வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆனது. அந்த மக்கள் தொடுத்த வழக்குக்குப் பின் அமைந்த அறிவியல் குழு சிறுநீரகப் புற்று, விரைப்புற்று, தைராய்டு நோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னது. 2019இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருட்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்தது.

இதைவிட நிலையான பொருளைத் தேடிப்பிடிப்பது கடினம். இதை 'சஸ்டெயினபிள்' என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. 'நிலையான பொருள்' என்று நாம் எழுதுகிறபோது இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். முப்பந்தலில் சுற்றும் காற்றாலைகளின் இறக்கைகள் பொதுவாகக் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கியவை. ஒருமுறை இறுகிய பிசின் மறுபடி உருகாது, அதனால் ஆயுள் முடிந்த இறக்கையைப் பிரித்தெடுக்க வழி தெரியாமல் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்புறம் காற்றாலை தயாரிக்கும் சீமென்ஸ் கமேசா நிறுவனம் வேறு பிசினைக் கொண்டுவந்தது. மென்மையான அமிலக் கரைசலில் போட்டால் பிசின் விட்டுக்கொடுக்கும், இழை தனியாக வரும். 2022இல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலையில் இந்த இறக்கைகளைப் பொருத்தினார்கள். நாம் சொன்னபோது பிரிந்து வருவதுதான் இந்தப் பொருளின் சிறப்பு!

இந்த மாதிரி யோசனையை ஆலை எழும்பிய பிறகு அல்ல, பொருளை வடிவமைக்கும்போதே செய்யுங்கள் என்பதற்காக ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. பெயர் 'சேஃப் அண்ட் சஸ்டெயினபிள் பை டிசைன்'. முதலில் பொருளுக்கே உள்ள தீங்கியல்பைப் பார்க்கச் சொல்கிறது, பிறகு அதைத் தயாரிக்கும் தொழிலாளிக்கு என்ன ஆகும், பயன்படுத்துகிறவருக்கு என்ன ஆகும், கடைசியில் சுரங்கம் முதல் குப்பை வரை மண்ணும் நீரும் காற்றும் எவ்வளவு அடிபடும் என்று போகிறது. தீங்கு இயல்பிலேயே இருக்கிறதா என்பதை முன்னால் வைத்ததை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பார்க்கர்ஸ்பர்க்கில் அந்தக் கேள்வி பல பத்தாண்டுகள் தாமதமாகத்தான் பொதுவெளிக்கு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் 'நிலைபேறு' என்கிறார்கள், அதிலும் நிலைத்தல் உட்கார்ந்திருக்கிறது. 'பேண்தகு' அழகான சொல், வளர்ச்சிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 'பேண்தகு பொருள்' என்றால் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டிய பொருள் என்று காதில் விழுகிறது. என் கை போவது 'வளங்குன்றா' என்பதற்குத்தான். வேளாண் துறையில் 'வளங்குன்றா வேளாண்மை' என்று ஏற்கெனவே புழங்குகிறது. குன்றா என்றால் குறையாத; 'குன்றா விளக்கம்' என்று குறளிலேயே உண்டு. கார்லோவிட்ஸ் கேட்ட கேள்வியும் இதற்குள் அப்படியே இருக்கிறது. நச்சுத்தன்மை இதில் அடங்காதே என்று சிலர் கேட்பார்கள், நியாயம்தான், ஆனால் அதற்குத்தான் ஐரோப்பிய ஆணையத்தின் தொடரில் 'சேஃப்', அதாவது 'பாதுகாப்பு', என்று தனிச்சொல் நிற்கிறது.

எனவே 'சேஃப் அண்ட் சஸ்டெயினபிள் பை டிசைன்' என்ற முழுத்தொடரை 'வடிவமைப்பிலேயே பாதுகாப்பும் வளங்குன்றாமையும்' என்று எழுதலாம். இந்தப் பேச்சில் கூடவே வரும் 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' என்பதற்கு 'மேம்பட்ட பொருட்கள்' போதும், 'மூலப்பொருட்கள்' என்று மட்டும் எழுத வேண்டாம், அது கச்சாப்பொருளைக் குறிக்கும். பெயர்ச்சொல்லாக வரும்போது வளங்குன்றாமை, அடைமொழியாக வரும்போது வளங்குன்றா, பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: வளங்குன்றாப் பொருள். 'நிலைத்தன்மை' என்பதை வேதியியலுக்கே விட்டுவிடலாம், அங்கே அதற்கு நிறைய வேலை இருக்கிறது.