சுருள்முடி நாய்க்கு மிஷின் வாங்கும் முன்

"டாக்டர் தம்பி, மகன் அமெரிக்காவுல இருந்து கொடுத்து விட்ட, நாய்க்கு முடி வெட்டுற மிஷினு. பிளக்குல மாட்டுனதும் டமார்னுச்சு. ஒரே கருகல் வாடை."

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி ஒருவர் தன் பூடில் நாயையும் மிஷினையும் சேர்த்தே என் மேசைமேல் வைத்தார். மிஷினின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கருகாமல் என்ன செய்யும்?

செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் மிஷினுக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை. பிளக்கின் கால்கள்தான் வேறு மாதிரி இருக்கும், மாற்று பிளக் போதும். அமெரிக்க மிஷின் என்றால் அடியில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் தைரியமாக மாட்டலாம். சார்ஜ் போட்டு ஓட்டும் வகைகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். வெறும் 120 என்றால் வேண்டாம். வோல்டேஜைக் குறைக்கும் பெட்டி வைத்து ஓட்டுகிறேன் என்பார்கள். அது வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த காந்தச்சுருள் மிஷின் இங்கே தடதடவென்று அடித்துக்கொள்ளும், வெட்டாது.

அந்த மிஷின் கருகாமல் ஓடியிருந்தாலும் அன்று அந்த பூடிலின் முடிக்குள் நுழைந்திருக்காது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். கம்பளித் துணியைத் தைத்து ஒட்டியது போல ஒரே சடை.

இங்கே சிலர் சிரிப்பார்கள். "நாய்க்கு எதுக்குத் தம்பி முடிவெட்டு? எங்க வீட்டு ராஜபாளையத்துக்கு யாரு வெட்டுனா?" வாஸ்தவம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஒட்டிய முடிக்காரர்கள். முடி உதிரும், தரையில் விழும், விளக்குமாறு வேலையை முடித்துவிடும். பூடில், பிஷான், லாப்ரடூடில் போன்ற சுருள்முடி நாய்களில் கதை வேறு. முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த முடி தரைக்கு வராமல் பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்ளும். "முடியே கொட்டாத நாய்" என்று சொல்லி விற்பார்களே, அதன் ரகசியம் இவ்வளவுதான். கொட்டுகிறது, உள்ளேயே தங்கிவிடுகிறது. அதோடு ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் தோலை ஒட்டிச் சடை பிடிக்கும். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு என்று உரசும் இடத்தில்தான் தொடங்கும். குட்டிமுடி போய்ப் பெரிய நாயின் முடி வரும் பருவத்தில், சுமாராக எட்டு மாதம் தொட்டு ஒன்றேகால் வயது வரை, இது பாடாய்ப் படுத்தும். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று வருகிறவர்களின் நாய்க்குப் பெரும்பாலும் இந்த வயதுதான்.

மேலே பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சடை அடியில் இருக்கும்.

என்னிடம் இது விஷயமாக வரும் காயங்களில் அதிகம் கத்தரிக்கோல் காயம்தான். சடை தோலையும் சேர்த்து மேலே இழுத்து வைத்திருக்கும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. சமையலறைக் கத்தரியை விட்டு "நறுக்"கென்று ஒரு வெட்டு. முடியோடு தோலும் திறந்துகொள்ளும். நாயின் தோல் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்ந்து இருப்பதால் சின்ன வெட்டும் வாய் பிளந்து பெரிதாகத் தெரியும். மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டிவரும். சடையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். எவ்வளவு கை பழகியவராக இருந்தாலும் வேண்டாம்.

ஆகவே மிஷினுக்கு முன் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஸ்லிக்கர் பிரஷ், வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக வைத்தது. இன்னொன்று இரும்புச் சீப்பு, பாதிப் பல் அகலமாகவும் பாதிப் பல் நெருக்கமாகவும் இருப்பது. ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் வகிடு போலத் தெரிய வைத்து, அடியிலிருந்து வரிசை வரிசையாக பிரஷ் போட வேண்டும். பிரஷ்ஷை அழுத்தினால் கம்பி தோலைக் கீறும். முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள், எவ்வளவு அழுத்தலாம் என்று தெரிந்துவிடும். பிறகு அதே இடத்தில் தோல்வரை சீப்பை விடுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் முடிந்தது. மாட்டினால் பிரஷ் வேலை இன்னும் முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் மணி நேரம் போதும்.

குளிப்பாட்டுவதும் இந்தச் சீப்புக்குப் பிறகுதான். நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது நாய்க்கும் சீயக்காய் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடும் பழக்கம் உண்டு. சிக்கை எடுக்காமல் நனைத்தால் காயும்போது சடை இன்னும் இறுகும். சீயக்காய் கண்ணில் பட்டுச் சிவந்து வருவது தனிக் கதை. நாய்க்கென்று இருக்கும் ஷாம்பூ போதும். நன்றாக அலசுங்கள். காய வைக்க ஹேர் டிரையர் என்றால் சூடு இல்லாத காற்றில் மட்டும்.

இனி மிஷின். வீட்டில் ஆண்கள் தாடி ஒதுக்கும் டிரிம்மரை எடுக்க வேண்டாம். மெல்லிய முடிக்கும் சின்னப் பரப்புக்கும் செய்தது அது. பூடில் முடியின் அடர்த்தியில் பாதியிலேயே திணறி முடியைக் கடித்துப் பிடிக்கும். ஒருமுறை அப்படிப் பிடுங்கிய நாய் மறுமுறை மிஷினைப் பார்த்தாலே இரண்டாங்கட்டுக்கு ஓடிவிடும். நாய்க்கென்று செய்த மிஷினிலும் முகம், பாதம் திருத்தும் சின்ன வகை உண்டு, உடம்பு முழுவதும் ஓட்டும் வகை உண்டு. சுருள்முடிக்கு இரண்டாவது வேண்டும், பிளேடைக் கழற்றி மாற்றக்கூடியதாக. வயர் வைத்ததா, சார்ஜ் போடுவதா என்று கேட்பார்கள். பாதி முதுகில் கரண்ட் போனால் நாயின் கோலம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன நாய் என்றால் சார்ஜ் வகையைச் சொல்வேன். பெரிய பூடில், லாப்ரடூடில் என்றால் வயர் வகையின் பலம் தேவைப்படும்.

கடையில் ஏமாறுவது பிளேடு நம்பரில்தான். நம்பர் ஏற ஏற முடி குட்டையாகும். 10 என்றால் சுமார் 1.5 மி.மீ. முடி நிற்கும். 7 எஃப் என்றால் 3 மி.மீ.க்குச் சற்று மேல், 5 எஃப் என்றால் 6, 4 எஃப் என்றால் 9 மி.மீ.க்குச் சற்று மேல். 40 என்பது அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் தோலோடு வழிக்க வைத்திருப்பது. "பெரிய நம்பர்னா முடி பெருசா நிக்கும்னு நெனச்சேன் சார்" என்று 40-ஐ முதுகில் ஓட்டி வந்தவரை எனக்குத் தெரியும். நம்பருக்குப் பின்னால் எஃப் இருந்தால் பற்கள் ஒரே சீராக இருக்கும். எஃப் இல்லாத 7, 5, 4 போன்றவற்றில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை. அந்த இடைவெளியில் அக்குள் மடிப்போ முலைக்காம்போ மாட்டிக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது வேண்டாம். முதன்முதலாக வாங்குகிறவருக்கு ஒரு 10, ஒரு 5 எஃப் போதும். வயிறு, பாதத்தின் அடிப்பக்கம், ஆசனவாய்ச் சுற்று எல்லாம் 10. உடம்புக்கு 5 எஃப், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே. எதிர்த்திசையில் ஓட்டினால் நம்பர் சொல்வதைவிடக் குட்டையாக வெட்டும். பிளேடின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளைப் பெட்டியோடு தருவார்கள். இரும்புச் சீப்பு வழுக்கிப் போகிற முடியில்தான் அவையும் போகும்.

ஓடும் பிளேடு சூடேறும். வெட்டுகிற கவனத்தில் நமக்குத் தெரியாது, நாயின் தொடையில் சிவந்த கோடு விழுந்த பிறகுதான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்டால் கழற்றி ஆத்தங்குடிக் கல் தரையில் கவிழ்த்து வையுங்கள், சூட்டை இழுத்துக்கொள்ளும். (எண்ணெய்க் கறையையும் இழுத்துக்கொள்ளும். வீட்டு வளவு முற்றத்தில் வைத்து ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு என்னைச் சொல்லக் கூடாது. உடைந்த கல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.) பிளேடுக்குப் போட மிஷினோடு வரும் எண்ணெய் தீர்ந்தால் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் போட்டால் பிசினாகி முடியோடு சேர்ந்து அடைக்கும். மழுங்கிய பிளேடைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாள்மணைக்கு அவர் கெட்டிக்காரர். இங்கே இரண்டு தகடுகள் சமமாக உரசி ஓட வேண்டும், அதற்குத் தனிக் கருவி உண்டு. பல் உடைந்த பிளேடு குப்பைக்கு.

முதல் நாளே வெட்ட வேண்டாம். நான்கைந்து நாள் மிஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்து, கையில் தீனி கொடுங்கள். பிறகு ஓடாத மிஷினை முதுகில் தடவுங்கள். அதன் பிறகுதான் மற்றது.

சித்திரை வெயில் தாங்காது என்று மொட்டையடிக்கச் சொல்வார்கள். காரைக்குடி வெயில் எனக்கும் தெரியும். 5 எஃப் விடும் கால் அங்குலமாவது இருக்கட்டும். வழித்த தோல் வெயிலில் வெந்துபோகும். அந்த அளவில் உண்ணியும் கண்ணுக்குத் தெரியும். சடைக்குள் ஒளிந்த உண்ணி எர்லிக்கியா, பாபீசியா கிருமிகளை ரத்தத்தில் ஏற்றிய பிறகு காய்ச்சலும் வெளுத்த ஈறுமாக வரும் நாய்களைப் பார்க்கும்போது, அந்த இரும்புச் சீப்பைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆச்சியின் பூடிலுக்கு மயக்க ஊசி போட்டு, 10-ஆம் நம்பர் பிளேடைச் சடைக்கும் தோலுக்கும் நடுவே மெல்ல விட்டு, தொப்பி கழற்றுவது போல எடுத்தோம். உடம்பெல்லாம் சடை பிடித்த நாய்க்கு வேறு வழி கிடையாது. வீட்டில் முயல வேண்டாம். போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன். காதில் தொங்கிய சடையை எடுத்த பிறகு நாய் தலையை விடாமல் உதறும். உதறலில் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டி பலூன் போல வீங்கலாம். அன்று ராத்திரி காதைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பற்று எதுவும் போடாமல் விடிந்ததும் கொண்டு வந்துவிடுங்கள் என்று.