கரண்ட் திரும்பி வந்தால் உங்கள் டேபிள் சா என்ன செய்யும்?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் கராஜில் சின்னதாக ஒரு மரப் பட்டறை போட நினைக்கிறவர்கள் டேபிள் சா, அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பம், பற்றிப் பேச வந்தால் எத்தனை வாட், என்ன விலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கிச்சன் கபோர்டு செய்து பிழைக்கிற நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மெஷின் ஓடும்போது கரண்ட் போய், நீங்கள் உள்ளே டீ குடிக்கப் போன நேரத்தில் திரும்பி வந்தால் அது என்ன செய்யும்?

சாதாரண சுவிட்ச் என்றால் ஆன் நிலையிலேயே இருக்கும், ஆள் இல்லாத கராஜில் பிளேடு தானாகச் சுழல ஆரம்பித்துவிடும். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, முன்பு போல இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் கேபிள் திருட்டும் டிரிப் ஆவதும் நிற்கவில்லையே. நோ-வோல்ட் சுவிட்ச் வைத்த மெஷினில் கரண்ட் போனதும் சுவிட்ச் தானாக ஆஃப் ஆகிவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். வாங்குமுன் மரம் வைக்காமல் ஓடவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, பிளேடு நின்ற பிறகு போட்டுப் பாருங்கள். தானாக ஓடினால் வேண்டாம், அல்லது எலக்ட்ரீஷியனை வைத்து அந்த சுவிட்சை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். இங்கே நாம் நிறையப் பயன்படுத்தும் சாலிக்னா என்ற யூகலிப்டஸ் மரப் பலகைக்குள் இழுவிசை இருக்கும். நீளவாக்கில் அறுக்கும்போது அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு சுமார் 190 கி.மீ. அந்தத் தகடு வாய் மூடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை, ஆனால் உயிரைக் காக்கும் வேலை. செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் இதைக் கழற்றி எங்கேயோ தொலைத்திருப்பார்கள். "தம்பி, அது இடைஞ்சல், தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஃபென்ஸ் என்பது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான நேர்ச்சட்டம், அதைப் பூட்டிவிட்டு அதன் பின்முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள், நகரக் கூடாது. மேசையில் இருக்கும் பள்ளத்திலிருந்து ஃபென்ஸின் முன்னும் பின்னும் அளந்தால் ஒரே தூரம் வர வேண்டும். பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் நெருக்கப்பட்டு மேலே சொன்ன அதே ஆபத்துதான்.

மோட்டாரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பிரஷ் மோட்டார் லேசானது, சத்தம் அதிகம், இடம் மாற்றலாம். இண்டக்ஷன் மோட்டார் அமைதியானது, கனமானது, கிளம்பும்போது கரண்டை மிகவும் இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் தாங்காது. எதுவானாலும் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள், சூடாகி உருகும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் 120 வோல்ட் மெஷின் நம் 230 வோல்ட்டுக்கு ஆகாது. பிளேடு வாங்குமுன் நடு ஓட்டையை அளந்துகொள்ளுங்கள், சிலவற்றுக்கு 30 மி.மீ., சிலவற்றுக்கு 5/8 அங்குலம். நீளவாக்கில் அறுக்க 24 பல், மெலமைன் பலகைக்கு 60-க்கு மேல்.

டர்பனின் கடல் காற்றில் வார்ப்பிரும்பு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும், மெழுகு பூசுங்கள், சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், பிறகு வார்னிஷ் ஒட்டாது. கியாட் மரத் தூள் மூக்கை அரிக்கும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் தூளும் நல்லதல்ல, அதனால் தூசி உறிஞ்சும் குழாய் மாட்ட வாய் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஒரு நல்ல மாஸ்க்கும் கை பிளேடுக்குப் பக்கம் போகாமல் மரத்தைத் தள்ள ஒரு தள்ளுகுச்சியும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மட்டும் அறுக்காதீர்கள், பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.